புளியங்கொட்டை டெஸ்ட்

இருபத்தொன்பது வயதில் பணி ஓய்வுக் கட்டுரை எழுதுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கம்பெனியை விட்டு நான் எங்கும் போகவில்லை. என் மேசைதான் ஓய்வு பெற்றது. ஒன்பது ஆண்டுகள் நான் உட்கார்ந்திருந்த மூன்றாம் எண் டெஸ்ட் பெஞ்சைப் போன வாரம் ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அனலாக் ஆம்ப்ளிஃபயர் லைனை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் டி கிளாஸ் போர்டுகளுக்கான புது லைன் வந்திருக்கிறது. டெஸ்ட் பிரிவுப் பெண்கள் கேக் வாங்கி, அதன் மேல் "ஓய்வு வாழ்த்துகள் செல்வி அக்கா" என்று எழுதி வைத்துக் கேலி செய்தார்கள்.

கேக் வெட்டும்போதுதான் நந்தினி கேட்டாள். மண்ணூர்ப் பெண். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது; கேள்விகளுக்கு மட்டும் குறைவில்லை.

"யக்கா, நம்ம டெஸ்ட் தாள்ல பதினாலாவது ஸ்டெப்புக்கு இன்னாத்துக்கு புளியங்கொட்டை டெஸ்ட்டுனு பேரு? அதுல புளியும் இல்ல, கொட்டையும் இல்ல."

"அது பெரிய கதடி."

"அப்ப எழுதிக் குடு. சும்மா கேக்க மட்டும் துன்னுட்டு பெஞ்ச மாத்திக்கினு பூட்டா எப்டி?"

அதனால் எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தவறும் வருகிறது. அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் பேனா வாங்கியது எனக்காகத்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து, ஒரகடம் போகும் சாலையில் இருக்கும் இந்தச் சிறிய கம்பெனியில் இருபது வயதில் சேர்ந்தேன். வேலைக்கான கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது, என் பெயரை முழுதாக எழுதினேன்: தமிழ்ச்செல்வி. எனக்குப் பெருமை அதிகம் என்று தோழிகள் சொல்வார்கள். உண்மைதான். அந்தப் பெருமைதான் என்னைத் தூக்கியும் விட்டது, ஒருமுறை குப்புறத் தள்ளியும் விட்டது.

நாங்கள் செய்தவை பள்ளிக்கூடம், மண்டபம், தேவாலயம் போன்ற இடங்களில் மைக்கோடு சேர்த்து வைக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள். அவற்றில் எத்தனை வகை, ஏன் அத்தனை வகை என்று புதிதாக வரும் பெண்களுக்கு நான் ஷிஃப்ட் கணக்கில்தான் சொல்வேன். இந்தப் பக்கத்தில் ஷிஃப்ட் தெரியாதவர் யார்?

ஏ கிளாஸ் என்றால் ஒரே ஆள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழு நேரமும் முழுப் பலத்தோடு நிற்கிறவர். ஒலி சுத்தமாக இருக்கும். ஆனால் சும்மா இருக்கும்போதும் பெட்டி கொதிக்கும். பி கிளாஸில் இரண்டு பேர். ஒலி அலையின் மேல் பாதியை ஒருவர் தூக்குவார், கீழ்ப் பாதியை மற்றவர். ஒருவர் வேலை செய்யும்போது மற்றவருக்கு ஓய்வு. சூடு குறைவு. ஆனால் கை மாறுகிற இடத்தில் ஓர் ஓட்டை விழுகிறது. முதல் ஷிஃப்ட் ஆள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். இரண்டாம் ஷிஃப்ட் ஆள் இன்னும் கேட்டில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் லைனில் வருகிற பீஸை எடுக்க ஆள் இல்லை. ஏபி கிளாஸ் என்பது இரண்டாவது ஆளைப் பத்து நிமிடம் முன்னதாக வரச் சொல்வது. இருவரும் சேர்ந்து நிற்கிற அந்தப் பத்து நிமிடம் பார்ப்பவருக்கு வீண்போலத் தெரியும். அதற்குப் பெயர்தான் பயாஸ் கரண்ட்.

அந்தப் பத்து நிமிடத்தை எவ்வளவு வைப்பது, சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதை மாறாமல் எப்படிக் காப்பது என்பதுதான் இந்த வகையை டிசைன் செய்கிறவரின் பெரும்பாடு. டிரான்சிஸ்டர் சுட்டால் கூடுதல் கரண்டை விடும், கூடுதல் கரண்ட் போனால் இன்னும் சுடும், கடைசியில் எரிந்துவிடும். அதைத் தடுக்க, சூட்டைப் பார்த்துக் கரண்டைக் குறைக்கும் காவலாளி மாதிரி ஒரு சின்ன டிரான்சிஸ்டரையும் வைப்பார்கள்.

எங்கள் பெட்டியை டிசைன் செய்தவரும், டெஸ்ட் பிரிவுக்குத் தலைவரும் ஒருவரே: ஜெபராஜ் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் எழுந்து நின்று, தன் நாற்காலியை நம் பக்கம் தள்ளி, "உக்காருங்க" என்பார். அவர் நின்றபடி கேள்வி கேட்பார். நாம் உட்கார்ந்தபடி பதில் சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் யாரும் அன்று மதியம் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

அவர் எழுதி வைத்த முறை இது. பெட்டியைத் திறந்து வை. மைக் இணைப்பு வேண்டாம், ஒலி எதுவும் உள்ளே போகக் கூடாது. பவர் போடு. டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டர் குச்சிகளை வை. பயாஸ் கரண்டைக் கூட்டிக் குறைக்கும், நெல்மணி அளவு பள்ளம் உள்ள ப்ரீசெட்டைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி, மீட்டர் பத்து மில்லிவோல்ட் காட்டும்படி நிறுத்து. இருபது நிமிடம் காத்திரு. மறுபடி பார், மாறியிருந்தால் மறுபடி பத்துக்குக் கொண்டுவா. பிறகு அது அசையாமல் இருக்க, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வை.

ஆமாம், நெயில் பாலிஷ்தான். அதற்கென்று விற்கும் பசை விலை அதிகம் என்று யாரோ என்றோ தொடங்கிய வழக்கம். ஆறு பெஞ்சில் ஆறு பெண்கள், ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது மெரூன். அடுத்த பெஞ்சில் இருந்த மேரிக்குப் பச்சை. பெட்டி எங்கே போனாலும், என்றைக்குத் திரும்பி வந்தாலும், மூடியைத் திறந்தால் யார் வைத்தது என்று தெரிந்துவிடும்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஒன்பது பெட்டிகள் எரிந்து திரும்பி வந்தன. ஜெபராஜ் சார் அவற்றை வரிசையாகத் திறந்து வைத்தார். ஒன்பதில் நான்கு பச்சை. நாற்காலி மேரியின் பக்கம் நகர்ந்தது.

"பத்துதான் வச்சீங்களா?"

"சத்தியமா பத்துதான் சார்."

"இருவது நிமிஷம் இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"அப்பம் எப்படி எரியும்?"

மேரி பொய் சொல்கிறவள் அல்ல என்று எனக்குத் தெரியும். அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்து வைத்து, இருபது நிமிடம் காத்திருந்து, சரிபார்த்து, ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, கடைசியில் ப்ரீசெட்டைக் கால் சுற்றுப் பின்னால் திருப்பி, கரண்டைக் குறைத்துவிட்டு நகப்பூச்சு வைப்பது. பெட்டி சில்லென்று இருந்தது.

"அப்டி திருப்பிட்டா மீட்டரு இன்னா சொல்லும் செல்வி?" என்று மேரி கேட்டாள்.

"மீட்டரக் கேட்டாதான சொல்லும்?" என்றேன்.

அதன் பிறகு ஒரு பெட்டிகூட எரியவில்லை. கடைசிப் பரிசோதனையில் முழு ஒலியில் வைத்துப் பார்ப்பார்கள். அதிலும் எல்லாம் தேறின. ஆறு பெஞ்சும் கால் சுற்றுக்கு மாறின. புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடாகாத பெட்டிதான் நல்ல பெட்டி" என்று சொல்வது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. மாதக் கூட்டத்தில் முதலாளி எங்கள் பிரிவுக்குக் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். எனக்கு நானே தட்டிக்கொண்டது அது. டிசைன் செய்தவருக்கே பிடிபடாததைச் சூளைக்காரர் மகள் சரிசெய்துவிட்டாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஆண்டு இறுதியில் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளியிலிருந்து நாற்பது பெட்டிகளுக்கு ஆர்டர் வந்தது. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் கொஞ்சம் கேட்கும். டீச்சர் மைக்கில் பேச, பெட்டி அதைப் பெருக்கி எட்டுக் குழந்தைகளின் ஹெட்போனுக்கு அனுப்பும். அதே போர்டைத்தான் போட்டோம். ஒலி அளவு மட்டும் மிகக் குறைவு. அனுப்பி மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. "பெரிய ஒலிகள் நன்றாகக் கேட்கின்றன. மெல்லிய ஒலிகள் குழந்தைகளுக்குக் கேட்கவில்லை. பழைய பெட்டிகளில் கேட்டன."

முதலாளி பதினைந்து நாள் கெடு கொடுத்தார். சரியாகவில்லை என்றால் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இனி போர்டுகளை வெளியிலிருந்து ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்றார். அப்படியானால் டிசைனும் வேண்டாம், எங்கள் ஆறு பெஞ்சும் வேண்டாம். மேரிக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் தம்பி பத்தாம் வகுப்பில் இருந்தான்.

ஒரு பெட்டியைத் திருப்பி வரவழைத்து எல்லாச் சோதனையும் செய்தோம். முழு ஒலியில் அத்தனையும் பாஸ். ஜெபராஜ் சார் மூன்று நாள் தன் டிசைன் நோட்டைப் புரட்டிப் புரட்டிக் கணக்கைத் திரும்பப் போட்டார். யாரிடமும் நாற்காலியைத் தள்ளவில்லை. நான்காம் நாள், "பள்ளிக்கூடத்துல போயே பாத்துருவோம். மீட்டர எடுத்துக்கிட்டு வாங்க" என்று என்னை வேனில் ஏற்றிக்கொண்டார்.

அந்த வகுப்பறையில் எட்டுக் குழந்தைகள் அரை வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கலா டீச்சர் ஒரு எம்ப்ராய்டரி வளையத்தில் கறுப்புத் துணி கட்டி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். "உதட்டப் பாத்தே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுவாங்க சார், கேடிங்க. அதான் இது" என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் ஓர் எவர்சில்வர் டம்ளர். கையில் புளியங்கொட்டை. கொட்டையைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்; ஒலி கேட்டதும் டம்ளரில் போட வேண்டும்.

முதலில் வெண்ணிலா என்ற ஆறு வயதுக் குழந்தை. "ம்" என்றார் டீச்சர். கொட்டை விழுந்தது. "ஊ." விழுந்தது. "ஆ." "ஈ." ஒவ்வொன்றுக்கும் டம்ளரில் டங்கென்று சத்தம். "ஷ்" என்றார். கொஞ்சம் யோசித்துப் போட்டாள். "ஸ்" என்றார்.

கொட்டை கன்னத்தருகிலேயே இருந்தது.

டீச்சர் மறுபடி சொன்னார். மறுபடி. வெண்ணிலா அசையவில்லை, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பழைய பெட்டில இவ ஆறும் போடுவா சார்" என்றார் டீச்சர். "இந்த ஒண்ணு கேக்காட்டி பாதி வார்த்தை போச்சு. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா, கத்துக்கிட்டதையும் விட்டுடுவாங்க."

நான் வெண்ணிலாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ம், ஊ, ஆ எல்லாம் கனமான ஒலிகள். ஸ் மெலிந்தது, மூச்சின் நுனி போன்றது. கனமான பீஸ் வந்தால் யாராவது ஓடி வந்து எடுத்துவிடுவார்கள். மெலிந்தது வந்தால்? முதல் ஆள் போய்விட்டார். இரண்டாவது ஆள் இன்னும் கேட்டில் நிற்கிறார். லைனில் வந்த பீஸ் கீழே விழுகிறது. பத்து நிமிடம் முன்னதாக வரச் சொன்ன ஆளை நான்தான் வர விடாமல் செய்திருந்தேன். முழு ஒலியில் வைத்துப் பார்த்த மீட்டருக்கு அந்தச் சின்ன ஓட்டை தெரியவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மெரூன் சொட்டு.

"என்னம்மா செய்யுத?" என்றார் ஜெபராஜ் சார்.

மீட்டர் குச்சிகளை வைத்தேன். பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. அவர் மீட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நகப்பூச்சை நகத்தாலேயே சுரண்டி எடுத்து, ப்ரீசெட்டைக் கால் சுற்று முன்னால் கொண்டுவந்தேன். பத்து. "இருபது நிமிஷம் ஆகும் டீச்சர்" என்றேன். குழந்தைகளைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். நானும் சாரும் பெட்டிக்கு இரு பக்கமும் நின்றோம். உட்கார நாற்காலி இருந்தும் இருவரும் உட்காரவில்லை. இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

குழந்தைகள் திரும்பி வந்தார்கள். வளையம் உயர்ந்தது. "ஸ்."

டங்.

வெண்ணிலா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு டீச்சரின் பக்கம் திரும்பி, வெறுங்கையை நீட்டினாள். இன்னொரு கொட்டை வேண்டுமாம். இன்னொரு தடவை சொல்ல வேண்டுமாம்.

திரும்பும் வழியில் சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். கடைக்கு வெளியே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜெபராஜ் சார் அதை என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன்: எரிந்த பெட்டிகள், கால் சுற்று, கைதட்டல். மேரியின் பெயரைச் சொல்லவில்லை. "வழி கண்டுபிடிச்சது நான். மத்தவங்க என்னைப் பாத்துச் செஞ்சாங்க" என்றேன்.

"எத்தன பெட்டி?"

"கோடைக்கு அப்புறம் போனது எல்லாமே சார்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எரிஞ்சது உங்க தப்பு இல்லம்மா" என்றார். "காவலுக்கு வச்ச டிரான்சிஸ்டர நான் போர்டுல வச்சிருக்கேன். சூடு ஏறுறது அலுமினியத் தகட்டுல. அடுப்பு அங்க எரியுது, காவக்காரன் இங்க உக்காந்துருக்கான். வெயில் காலத்துல மூடுன பெட்டிக்குள்ள அவனுக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஒரு பத்து பெட்டி எரிஞ்சிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன். நீங்க கால் சுத்து திருப்பி என் தப்ப மூடிட்டீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கு முதலாளிகிட்ட ரெண்டையும் சொல்லணும்" என்றார். "உங்களுத நீங்க சொல்லுங்க. என்னுத நான் சொல்லுதேன்."

சொன்னோம். முதலாளி, "கெடுல இன்னும் எட்டு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த எட்டு நாளில் பள்ளியிலிருந்து நாற்பது பெட்டிகளையும் வரவழைத்துத் திறந்தோம். காவல் டிரான்சிஸ்டரை நீளக் கம்பியில் இழுத்து, அலுமினியத் தகட்டோடு ஒட்டி ஸ்க்ரூ போட்டோம். வெயிலில் வைத்தும், அட்டைப் பெட்டிக்குள் மூடி வைத்தும் பார்த்தோம். பத்து பத்தாகவே நின்றது. பள்ளிக்கு எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தன. கடைகளுக்குப் போன மற்றப் பெட்டிகளைத் திருப்பி வாங்கிச் சரிசெய்ய நான்கு மாதம் ஆயிற்று. அந்த ஆண்டு எனக்கு வர வேண்டிய லைன் லீடர் பதவி வரவில்லை. அது நியாயம்தான். மேரி தன் கல்யாணப் பத்திரிகையை எனக்கு நீட்டியபோது, "என் பேர போட்டுக் குடுத்துருந்தா பத்திரிகைக்கு பதிலா செருப்பு வந்துருக்கும், பாத்துக்கோ" என்றாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

சோதனைத் தாளில் அதுவரை பதின்மூன்று படிகள். பதினான்காவதை நீங்களே எழுதுங்கள் என்று ஜெபராஜ் சார் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார். கலா டீச்சரின் குரலிலேயே ஆறு ஒலிகளையும் பதிவு செய்து வந்தேன். பெட்டியை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, சோதிப்பவர் ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி, ஒவ்வொரு ஒலிக்கும் பட்டனை அமுக்க வேண்டும். ஆறும் கேட்டால் பாஸ். ஆங்கிலத்தில் நீளமாக ஒரு தலைப்பு வைத்திருந்தேன். மேரி அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு வாய்ல நுழையும்?" என்று அடித்து, மேலே பச்சைப் பேனாவால் புளியங்கொட்டை டெஸ்ட் என்று எழுதினாள். அந்தத் தாளின் அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் முழுதாக இருக்கிறது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது டி கிளாஸ் வந்துவிட்டது. இந்த வகையில் இரண்டு பேரும் அலையைச் சுமப்பதில்லை; நொடிக்கு லட்சக்கணக்கான தடவை கதவைத் திறந்து மூடுகிறார்கள். பெட்டி சுடுவதே இல்லை. புதிதாக வந்த எஞ்சினியர் பிரவீன், பதினான்காம் படியை எடுத்துவிடலாம் என்றார்.

"இதுல பயாஸே கிடையாது மேடம். கை மாத்துற பிரச்சனையே வராது."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கதவத் திறந்தா?"

"வெடிச்சிரும். அதனால ஒருத்தர் மூடுனதும் துளி நேரம் விட்டுத்தான் அடுத்தவர் திறப்பார்."

"அந்தத் துளி நேரத்துல வந்த பீஸ யாரு எடுப்பா?"

பிரவீன் சிரித்துவிட்டார். "படி இருக்கட்டும் மேடம்" என்றார்.

பெஞ்சைத் தூக்கிப் போன அன்று ஜெபராஜ் சார் என்னை டிசைன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உக்காருங்க" என்றார்.

"என்ன சார் தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. திங்கக்கிழமைல இருந்து இது உங்க சேரு."

நந்தினி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். நேற்று புது லைனின் முதல் போர்டைப் பதினான்காம் படியில் வைத்தபோது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீ கண்ணை மூடினாய். நான் பின்னால் நின்றிருந்தேன். ஐந்துக்கும் சட்டென்று பட்டனை அமுக்கினாய். ஆறாவது வந்தபோது உன் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் அமுக்கினாய். கண்ணைத் திறக்காமலே, "ரொம்ப மெல்ல வருதுக்கா. ஆனா வருது. இன்னொருவாட்டி போடு" என்றாய்.

போட்டேன்.